என்க்ளெக்ஸ்-பிஎன் எழுதப் போகும் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எல்பிஎன் (உரிமம் பெற்ற நடைமுறை நர்ஸ்) ஆக வேலை பார்க்க, படிப்பை முடித்த பிறகு என்க்ளெக்ஸ்-பிஎன் என்ற உரிமத் தேர்வில் தேற வேண்டும். டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் இதே வேலைக்கு எல்விஎன் என்று பெயர், தேர்வு ஒன்றுதான். குடும்பத்தோடு இங்கே வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து இந்தப் படிப்பை முடிக்கும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். பாடம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தவிப்பதெல்லாம் தேர்வு நாளை நினைத்துத்தான்: அடையாள அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா, உள்ளே என்ன கொண்டு போகலாம், கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிட்டால் என்ன அர்த்தம். இவற்றில் முக்கால்வாசியை ஒரு வாரம் முன்பே வீட்டில் உட்கார்ந்து தீர்த்துவிடலாம். அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில்கள். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், எழுதும் முன் என்க்ளெக்ஸ் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

தேர்வை நடத்துவது யார்? எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம்?

கேள்விகளைத் தயாரிப்பது சிகாகோவில் உள்ள என்சிஎஸ்பிஎன் (மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய அமைப்பு). தேர்வு மையங்களை நடத்துவது பியர்சன் வியூ. உரிமம் தருவது உங்கள் மாநில நர்சிங் வாரியம். எந்தப் பிரச்சினைக்கு யாரிடம் பேச வேண்டும் என்பது இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில் குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. நேரம் 5 மணி. இவற்றில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படும் கேள்விகள் அவை. எவை என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் நோயாளியின் கதையாக வரும் தொகுப்புகள் மூன்று உண்டு, ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள்.

ஏடிடி வந்துவிட்டது. எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும்?

ஏடிடி என்பது தேர்வு எழுதலாம் என்ற அனுமதி மின்னஞ்சல். அதில் காலாவதித் தேதி இருக்கும். பெரும்பாலும் 90 நாள் அளவில் தருகிறார்கள். அந்தத் தேதியை நீட்டிக்க முடியாது. தவறவிட்டால் மறுபடி பதிவு செய்து 200 டாலரைத் திரும்பவும் கட்ட வேண்டும். மின்னஞ்சல் வந்த அன்றே தேதி எடுத்துவிடுவது நல்லது. "இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எடுக்கிறேன்" என்று தள்ளிப் போட்டால், கடைசி வாரத்தில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போகும் தூரத்தில்தான் இடம் கிடைக்கும்.

தேதியை மாற்ற வேண்டுமென்றால் ஒரு முழு வேலை நாளுக்கு முன்பே மாற்ற வேண்டும். சனி, ஞாயிறு, திங்கள் தேர்வென்றால் வெள்ளிக்கிழமைக்குள்.

நல்ல நாள், ராகு காலம் பார்த்துத் தேதி எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். மனதுக்கு அது தெம்பு தருமென்றால் அந்தத் தெம்பு அன்றைக்குத் தேவைதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தேர்வு நேரத்துக்கு 30 நிமிடம் முன்பே மையத்தில் இருக்க வேண்டும். ராகு காலம் முடியட்டும் என்று வாசலில் காரில் உட்கார்ந்திருக்க வேண்டாம். தேர்வு நேரம் கடந்து 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அன்றைய வாய்ப்பும் கட்டிய பணமும் போய்விடலாம். நாள் நட்சத்திரத்தைவிட நான் முக்கியமாகக் கருதுவது உங்கள் உடம்பு எந்த நேரத்தில் விழிப்பாக இருக்கும் என்பதை. இரவு ஷிப்ட் பார்க்கும் உதவியாளராக இருந்தால், காலை 8 மணித் தேர்வு உங்களுக்கு ஏற்றதல்ல. மதிய நேரத்தை எடுங்கள். முந்தைய இரண்டு நாள் ஷிப்ட் வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள்.

எனக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு விதம், கல்லூரிச் சான்றிதழில் ஒரு விதம். பிரச்சினை வருமா?

வரும். தமிழர்களுக்கு இந்தத் தேர்வில் வரும் பெரிய சிக்கல் இதுதான் என்பேன். விதி எளிமையானது: ஏடிடியில் உள்ள முதல் பெயரும் கடைசிப் பெயரும் நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்ப வராது.

நம் பெயர்கள் இந்த இரண்டு பெட்டிகளுக்குள் எளிதில் அடங்குவதில்லை. பள்ளிச் சான்றிதழில் ஆர். மீனாட்சி என்று இருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் போட்டிருப்பார்கள். திருமணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் அங்கே கணவர் பெயர் வந்திருக்கும். இன்னும் சிலருக்குக் குடும்பப்பெயர் இடமே காலியாக இருக்கும். அவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிட்டு, சொந்தப் பெயரைக் குடும்பப்பெயராக ஆக்கியிருப்பார்கள். அதே மூன்றெழுத்து டிரைவிங் லைசென்ஸிலும் வந்து உட்கார்ந்துவிடும். ஆக, ஒரே பெண் மூன்று ஆவணங்களில் மூன்று பெயரோடு இருப்பாள்.

செய்ய வேண்டியது இதுதான். தேர்வு நாளில் எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்கள் என்பதை, பதிவு செய்யும் முன்பே முடிவு செய்யுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவில் போடுங்கள். கல்லூரி எந்தப் பெயரில் உங்கள் விவரங்களை வாரியத்துக்கு அனுப்புகிறது என்றும் கேட்டுக் கொள்ளுங்கள். அதிலும் வேறுபாடு இருந்தால் வாரியத்தில் சொல்லி இணைக்க வேண்டும். ஏடிடி வந்தவுடன் முதல் வேலையாக அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் அன்றே பியர்சன் வியூவை அழையுங்கள். கல்யாணச் சான்றிதழை எடுத்துப் போய் மையத்திலேயே விளக்கிக் கொள்ளலாம் என்று நம்பி இருக்காதீர்கள். வரவேற்பில் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் முறை தெரியாது, அவருக்கு விதியைத் தளர்த்தும் அதிகாரமும் கிடையாது.

எந்த அடையாள அட்டை சிறந்தது?

பாஸ்போர்ட். காலாவதி ஆகாத, அரசு வழங்கிய அசல் அட்டையாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் பெயர், புகைப்படம், கையெழுத்து மூன்றும் அதில் இருக்க வேண்டும். டிரைவிங் லைசென்ஸ், மாநில அடையாள அட்டை, கிரீன் கார்டு ஆகியவையும் ஏற்கப்படும். போனில் உள்ள படமோ நகலோ செல்லாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கியவர்கள் அதன் உள்பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வாங்கி வந்து அப்படியே அலமாரியில் வைத்தவர்கள் அதிகம்.

முந்தின நாள் படிக்கலாமா?

என் பதில் வேண்டாம் என்பதுதான். இந்தத் தேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை. ஒரு நோயாளியின் நிலையைப் படித்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது. அதற்குத் தேவை தெளிந்த தலை. இரவு 11 மணிக்குப் புதிதாக ஒரு மருந்துப் பட்டியலைப் படித்தால், அது ஏற்கனவே தெரிந்த பட்டியலையும் குழப்பிவிடும். மனம் கேட்கவில்லையென்றால் காலையில் ஒரு மணி நேரம் தொற்றுத் தடுப்பு வகைகளைப் பாருங்கள்: காற்றில் பரவுவது எது, துளியில் பரவுவது எது, தொட்டால் பரவுவது எது. அதோடு மூடிவிடுங்கள்.

மாலையில் மையம் வரை ஒருமுறை கார் ஓட்டிப் பாருங்கள். எத்தனையாவது மாடி, பார்க்கிங் எங்கே என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். வீட்டில் சமையல், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, மாமியாரின் மருந்து எல்லாவற்றையும் அன்றைக்கு வேறொருவர் பார்த்துக் கொள்ளட்டும். கேட்கத் தயங்காதீர்கள். ஐந்து மணி நேரத் தேர்வுக்குப் போகிறவர் அதிகாலை எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டுக் கிளம்புவது நியாயமில்லை.

அன்று என்ன சாப்பிடலாம், என்ன உடுத்தலாம்?

பழகிய உணவு, அளவாக. இரண்டு மூன்று இட்லி, ஒரு முட்டை போதும். நெய் மிதக்கும் பொங்கலை வேறொரு நாளைக்கு வைத்துக் கொள்ளலாம். காபி குடிப்பவர் வழக்கம்போல் குடியுங்கள், வழக்கத்தைவிட அதிகமாக வேண்டாம். விரதம் இருக்கும் வழக்கமுள்ளவர்கள் அந்தக் கிழமையைத் தவிர்த்துத் தேதி எடுங்கள்.

அறை பெரும்பாலும் குளிரும். கோட், தொப்பி, ஸ்கார்ஃப், கையுறை உள்ளே அனுமதி இல்லை. ஆகவே முழுக்கை உடை, அதற்குள் இன்னொரு மெல்லிய சட்டை என்று அணிந்து போங்கள். மதம் சார்ந்து தலையை மூடும் உடைக்குத் தடை இல்லை.

மையத்துக்குள் நுழைந்ததும் என்ன நடக்கும்?

முதலில் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். அப்புறம் மின்னணுக் கையெழுத்து, புகைப்படம், உள்ளங்கை நரம்பு ஸ்கேன். போன், ஸ்மார்ட் வாட்ச் போன்ற எல்லாவற்றையும் அணைத்து, அவர்கள் தரும் பையில் போட்டு மூடி முத்திரை வைப்பார்கள். தேர்வு முடிந்து நீங்கள் வெளியே வந்து ஒப்படைக்கும் வரை அந்தப் பையைத் திறக்கக் கூடாது. கைப்பை, சாப்பாடு, தண்ணீர், புத்தகம் எல்லாம் லாக்கரில். சூயிங் கம், லிப் பாம் கூட உள்ளே கூடாது. பாக்கெட்டைத் திருப்பிக் காட்டு, கையை மடித்துக் காட்டு என்று சொல்வார்கள். இது எல்லோருக்கும் நடப்பது. உங்களைச் சந்தேகப்படுவதாக எடுத்துக் கொள்ள வேண்டாம். கழுத்தில் தாலி, கையில் கயிறு இருந்தால், கேட்டால் அமைதியாகக் காட்டுங்கள். கனமான வளையல், நெக்லஸ் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

அழித்து எழுதும் பலகை ஒன்றும் மார்க்கரும் தருவார்கள். தேர்வு தொடங்கும் முன் அதில் எதையும் எழுதக் கூடாது. ஆய்வக அளவுகளை மனப்பாடம் செய்து உட்கார்ந்தவுடன் கொட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பலகை நிறைந்தால் கையைத் தூக்குங்கள், வேறு தருவார்கள். கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும். பக்கத்து இருக்கையில் கீபோர்டு சத்தம் தொந்தரவாக இருந்தால் காது அடைப்பான் கேட்டு வாங்கலாம்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. / நான் பாலூட்டும் தாய். என்ன செய்வது?

இடைவேளையில் லாக்கரைத் திறந்து சாப்பிடலாம், மருந்து எடுக்கலாம். அதற்கு மேல் ஏதாவது தேவையென்றால், அதாவது கூடுதல் இடைவேளை, பால் எடுக்க நேரமும் இடமும், சர்க்கரை அளவு பார்க்கும் கருவியை அருகில் வைத்துக் கொள்வது போன்றவை, மாநில வாரியத்திடம் சிறப்பு ஏற்பாடு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதன் ஒப்புதல் ஏடிடியிலேயே வரும். வந்த பிறகுதான் தேதி எடுக்க வேண்டும். அன்று காலை மையத்தில் போய்க் கேட்டால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. மாதவிலக்குக்கான பொருட்களை லாக்கரில் தனியாக, சட்டென்று எடுக்கும்படி வையுங்கள்.

எல்லாக் கேள்வியும் கடினமாக வந்தால் தோற்றுவிட்டேன் என்று அர்த்தமா?

இல்லை. இதைப் புரிந்து கொண்டால் தேர்வு நாளின் பயத்தில் பாதி குறையும்.

1994 முதல் இது உங்கள் திறனுக்கேற்ப மாறும் கணினித் தேர்வு. ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும். தவறினால் கொஞ்சம் எளிதாக. உங்களால் சரியாகச் சொல்ல ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்வியைத்தான் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் தேடித் தருகிறது. ஆகவே வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கும் "எதுவுமே உறுதியாகத் தெரியவில்லையே" என்ற உணர்வோடுதான் அந்த ஐந்து மணி நேரமும் கழியும். கல்லூரித் தேர்வில் பத்துக்கு ஒன்பது சரி என்று பழகியவர்களுக்கு இது மிகுந்த சோர்வைத் தரும். பாதி தவறாகப் போனாலும் தேறலாம், ஏனெனில் இங்கே எண்ணிக்கை அளவுகோல் அல்ல. எவ்வளவு கடினமான கேள்விகளின் மட்டத்தில் உங்களால் நிற்க முடிகிறது என்பதே கணக்கு.

85-இல் நின்றால் பாஸா? 150 வரை போனால் ஃபெயிலா?

இரண்டுமே இல்லை. நீங்கள் தேர்ச்சி அளவுக்கு மேலே இருக்கிறீர்கள் அல்லது கீழே இருக்கிறீர்கள் என்று கம்ப்யூட்டருக்கு 95 சதவீத உறுதி வந்த கணத்தில் அது நிற்கும். 85-இல் நின்றால் தெளிவான முடிவு கிடைத்துவிட்டது என்று மட்டும் பொருள். எந்தப் பக்கம் என்று தெரியாது. 150 வரை போனால் நீங்கள் கோட்டுக்கு மிக அருகில் இருந்தீர்கள்; கடைசியில் உங்கள் திறன் மதிப்பீடு கோட்டுக்கு மேலே இருந்தால் தேர்ச்சி. 86-ஆவது கேள்வி வந்ததும் அழத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில், முடிவு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது என்பதற்கு அந்தக் கேள்வியே சான்று. கேள்வி எண்ணைப் பார்த்து மனக்கணக்குப் போடுவதை விட்டுவிடுங்கள்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? இடைவேளை உண்டா?

300 நிமிடம், 150 கேள்வி. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம். நோயாளிக் கதைத் தொகுப்பு கூடுதல் நேரம் கேட்கும், சாதாரணக் கேள்வி ஒரு நிமிடத்தில் முடியும். நேரம் தீர்ந்துபோனால் இரண்டு நிலை: 85 கேள்விகளை முடிக்கவில்லையென்றால் நேரடியாகத் தோல்வி, முடித்திருந்தால், அதுவரை எழுதியதை வைத்து மதிப்பிடுவார்கள். அதனால் கடைசி நிமிடங்களில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திக்கொண்டே போகாதீர்கள். அவசரத் தவறுகள் மதிப்பீட்டைக் கீழே இழுத்துவிடும்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு இடைவேளை, மூன்றரை மணி நேரம் கழித்து இன்னொன்று திரையில் வரும். விருப்பம்தான், ஆனால் இடைவேளை நேரமும் அந்த ஐந்து மணியில்தான் கழியும். முதல் இடைவேளையைக் கட்டாயம் எடுங்கள் என்பேன். ஐந்து நிமிடம் முகம் கழுவி, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு வாருங்கள். போகும்போதும் வரும்போதும் உள்ளங்கை ஸ்கேன் உண்டு. போனையும் குறிப்புகளையும் தொடக் கூடாது.

விடை தெரியாவிட்டால் தாண்டிப் போய்விட்டுப் பிறகு வரலாமா?

முடியாது. ஒன்றுக்குப் பதில் தந்தால்தான் அடுத்தது வரும்; முந்தையதற்குத் திரும்பவும் முடியாது. இதை நான் ஒரு நன்மையாகவே பார்க்கிறேன். போனது போனதுதான், அதைச் சுமந்துகொண்டு அடுத்த நோயாளியிடம் போகத் தேவையில்லை.

"முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?" வகைக் கேள்விகளில்தான் தடுமாறுகிறேன்.

எல்லோரும் தடுமாறும் இடம் அது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நான்கு நோயாளிகள். ஒருவருக்கு மூட்டு அறுவை முடிந்து வலி பத்துக்கு ஏழு. இரண்டாமவர் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர், ஆக்ஸிஜன் அளவு 90. மூன்றாமவர் சர்க்கரை நோயாளி, சர்க்கரை 210. நான்காமவருக்குக் காலையில் தைராய்டு அகற்றினார்கள். வாயைச் சுற்றி மரத்துப்போகிறது என்கிறார்.

வலி 7 என்றதும் கை அங்கே போகும். ஆக்ஸிஜன் 90 என்றதும் மனம் பதறும். ஆனால் சிஓபிடி நோயாளிக்கு 90 எதிர்பார்க்கக்கூடிய அளவு. சர்க்கரை 210 கவனிக்க வேண்டியது, இந்த நிமிடம் உயிரை எடுக்காது. வலியும் அறுவைக்குப் பின் எதிர்பார்ப்பதே. தைராய்டு அகற்றியவரின் வாய் மரத்துப்போவது கால்சியம் குறைவதன் அறிகுறி. அது முற்றினால் குரல்வளை இறுகி மூச்சே அடைக்கும். அவரிடம்தான் முதலில் போக வேண்டும். எண் பெரிதாக இருப்பவரையோ அதிகமாகக் கத்துபவரையோ பார்க்காமல், "இந்த நோய்க்கு இது எதிர்பார்க்கக்கூடியதா, புதிதாக வந்ததா? விட்டால் மூச்சு, ரத்த ஓட்டம் எதையாவது பறிக்குமா?" என்ற இரண்டு கேள்விகளை நான்கு பேரிடமும் ஒரே வரிசையில் கேளுங்கள்.

இதோடு எல்பிஎன் எல்லையையும் மறக்கக் கூடாது. 2023 பாடத்திட்டத்தில் பணி ஒருங்கிணைப்புப் பகுதிக்கு 18 முதல் 24 சதவீதம் வரை ஒதுக்கியிருந்தார்கள். எல்லாப் பகுதிகளிலும் அதுவே பெரியது. புதிதாகச் சேர்ந்த நோயாளியின் முதல் மதிப்பீடு, முதன்முறை கற்பிப்பது, நிலை ஆட்டம் காணும் நோயாளி ஆகியவை ஆர்என் எனப்படும் பதிவு பெற்ற நர்ஸின் பொறுப்பு. தகவல் சேகரிப்பது, ஆர்என் சொல்லிக் கொடுத்ததை வலியுறுத்துவது, நிலையான நோயாளியைக் கவனிப்பது நம் வேலை. ஊரில் பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர்கள் இங்கே தவறுவது அறிவு குறைவால் அல்ல. அங்கே எல்லாவற்றையும் தாங்களே செய்து பழகிவிட்டதால்.

இந்தியாவில், இலங்கையில் படித்த மருந்துப் பெயர்கள் இங்கே வேறாக இருக்கின்றனவே?

ஆமாம். தேர்வில் மருந்தின் பொதுப்பெயர்தான் வரும், அதுவும் அமெரிக்க வழக்கில். பாராசிட்டமால் இங்கே அசெட்டமினோஃபென். சால்புட்டமால் ஆல்புட்டெரால். அட்ரினலின் எபிநெஃப்ரின். பெத்திடின் மெப்பெரிடின். ஃப்ரூஸமைடு ஃப்யூரோஸமைடு. தேர்வு அறையில் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். கடைசி வாரத்தில் இந்தப் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

டோஸ் கணக்கில் எங்கே கவனம் வேண்டும்?

பவுண்டை கிலோவாக மாற்ற மறப்பதில். 44 பவுண்டு குழந்தை என்றால் 2.2-ஆல் வகுத்து 20 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் அசெட்டமினோஃபென் என்றால் 300 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லியில் 160 மில்லிகிராம் என்று இருந்தால், 9.375 மில்லி. ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் 9.4. நடுவில் எங்கும் முழுமையாக்காதீர்கள், கடைசி விடையில் மட்டும். பெட்டியில் எண்ணை மட்டும் தட்டுங்கள். முடிந்ததும் ஒருமுறை யோசியுங்கள்: இந்த அளவை உங்கள் கையால் ஒரு குழந்தைக்குக் கொடுப்பீர்களா?

"பொருந்துவதை எல்லாம் தேர்ந்தெடு" கேள்விக்கு மதிப்பெண் எப்படி?

முன்பு எல்லாம் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். 2023-க்குப் பிறகு பகுதி மதிப்பெண் உண்டு: சரியானதற்கு ஒன்று கூடும், தவறானதற்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எல்லாவற்றையும் டிக் செய்வதால் பயனில்லை. ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்து, "இந்த நோயாளிக்கு இது சரியா, இல்லையா" என்று மட்டும் பாருங்கள்.

நடுவில் பதற்றம் வந்து எழுத்தே மங்கினால்?

கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள், நான்கைந்து முறை. திரையைப் பார்க்க வேண்டாம். அரை நிமிடம் போனால் ஒன்றும் குறையாது. அதற்கும் அடங்காவிட்டால் கையைத் தூக்கி வெளியே போய்வாருங்கள். திரையில் இடைவேளை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கேள்வியை மறுபடி படிக்கும்போது கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு நோயாளியின் கதையைப் படித்தால் தேவையானது தானாகக் கண்ணில் படும்.

கம்ப்யூட்டர் நின்றுவிட்டால், பனிப்புயலில் மையத்தை மூடிவிட்டால்?

கம்ப்யூட்டர் கோளாறு என்றால் நீங்களாக எதையும் தொடாமல் கையைத் தூக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும். நேரம் வீணாகியிருந்தால், வெளியே வரும் முன் புகாராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மையமே மூடியிருந்தால் கட்டணமின்றி வேறு தேதி தருவார்கள்.

சென்னையில் எழுத முடியுமா?

முடியும். இந்தியாவில் என்க்ளெக்ஸ் மையம் உள்ள ஊர்களில் சென்னையும் ஒன்று. வெளிநாட்டு மையத்துக்குக் கூடுதலாக 150 டாலர் கட்ட வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எழுதலாம் என்று நினைப்பவர்கள் விமானக் களைப்புத் தீரவும் கல்யாண வீடுகள் முடியவும் சில நாட்கள் விட்டுத் தேதி எடுங்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கும் இதே தேர்வுதானா?

ஒண்டாரியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2022 ஜனவரி முதல் ரெக்ஸ்-பிஎன் என்ற தனித் தேர்வு நடக்கிறது. அதையும் தயாரிப்பது என்சிஎஸ்பிஎன், எழுதுவது பியர்சன் வியூ மையத்தில், அதுவும் திறனுக்கேற்ப மாறும் தேர்வே. நேரம் 4 மணி. ஸ்கார்பரோவில் ஆர்பிஎன் (எல்பிஎன் வேலைக்கு ஒண்டாரியோவில் உள்ள பெயர்) படிப்பவர்களுக்குப் பெயர்ப் பொருத்தமும் உறக்கமும் பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும். கேள்வி எண்ணிக்கையும் விதிகளும் வேறு.

வந்த கேள்விகளை வாட்ஸ்அப் குழுவில் தோழிகளுக்குச் சொல்லலாமா?

கூடாது. ஒரு கேள்வியைக்கூடச் சொல்லக் கூடாது. உள்ளே போகும் முன் ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறீர்கள். மீறினால் முடிவை நிறுத்தி வைக்கலாம், உரிமமே மறுக்கப்படலாம். உதவும் மனதோடு கேட்கிறார்கள், புரிகிறது. "குளிராக இருந்தது, ஸ்வெட்டர் மாதிரி முழுக்கை போட்டுப் போ" என்று சொல்லுங்கள். அதுவும் உதவிதான்.

முடிவு எப்போது தெரியும்?

அதிகாரபூர்வ முடிவு மாநில வாரியத்திலிருந்து வரும், ஆறு வாரம் வரை ஆகலாம். பல மாநிலங்களில் இரண்டு வேலை நாள் கழித்து 7.95 டாலர் கட்டி விரைவு முடிவைப் பார்க்கலாம். தேர்வு முடிந்த மாலையே மறுபடி பதிவு செய்து பார், கார்டை ஏற்காமல் தடுத்தால் பாஸ் என்று ஒரு வழியைச் சொல்வார்கள். அது அதிகாரபூர்வமானதல்ல, பணம் பிடிக்கப்பட்டுவிட்டால் இழப்பு, தவறான செய்தியை நம்பிவிட்டால் இரண்டு நாள் வேதனை. பொறுத்திருங்கள்.

தேறாவிட்டால்?

45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். மறுபதிவும் கட்டணமும் உண்டு. எத்தனை முறை, எத்தனை ஆண்டுக்குள் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. உதாரணமாக ஃபுளோரிடாவில் மூன்று முறை தவறினால் மறுபயிற்சி வகுப்பு முடித்தாக வேண்டும். தேறாதவர்களுக்கு ஒரு செயல்திறன் அறிக்கை அனுப்புவார்கள். பல பேர் வருத்தத்தில் அதைத் திறப்பதே இல்லை. திறந்து பாருங்கள். ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் தேர்ச்சி அளவுக்கு மேலே இருந்தீர்களா, அருகில் இருந்தீர்களா, கீழே இருந்தீர்களா என்று அதில் இருக்கும். கீழே இருந்த பகுதிகளை முதலில் எடுங்கள், அருகில் இருந்தவற்றை அடுத்து. மேலே இருந்தவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள் போதும். அந்த 45 நாளைப் பிரித்துக் கொள்ள இதைவிட நல்ல அட்டவணை எந்தப் பயிற்சி மையத்திலும் கிடைக்காது.